பூசிய கருமையும் பிறந்த கருமையும்

2025 மார்ச்சில் கேரளத் தலைமைச் செயலாளர் சாரதா முரளீதரன், தம் நிறம் குறித்த ஏளனத்திற்கு முகநூலில் மறுமொழி எழுதியபோது மாநிலம் முழுவதும் அது பேசப்பட்டது. ஓராண்டுக்கு முன், மோகினியாட்டக் கலைஞர் ஆர்.எல்.வி. ராமகிருஷ்ணனின் நிறம் பழிக்கப்பட்டபோதும் அவ்வாறே; பின்னர் அவர் கலாமண்டலத்திலேயே ஆசிரியரானார். நல்ல விவாதங்கள்தாம். ஆயினும் பதவியும் மேடையும் உடையோருக்கு வாய்த்த அந்தச் செவி, மூணாறு, சூரியநெல்லி மலைகளில் தலைமுறைகளாகக் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களுக்கு வாய்க்கவில்லை. அவர்கள்மீது நிறப்பழி தனித்து விழுவதில்லை. சாதியோடும் ‘பாண்டி’ என்னும் இளக்காரச் சொல்லோடும் சேர்ந்தே விழுகிறது. மலையாளத் திரையில் அச்சொல் நெடுங்காலமாக நகைச்சுவைச் சரக்கு.

தமிழ்த் திரையும் இதில் தூய்மையானதன்று. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி.எச். டேனியலின் ‘ரெட் டீ’ நாவலைத் தழுவியது பாலாவின் ‘பரதேசி’ (2013). தோட்டக் கூலிகளின் துயரை அவ்வளவு அழுத்தமாகச் சொன்ன தமிழ்ப்படங்கள் மிகச் சில. அதிலேயே வேதிகா மேனியில் கருமை பூசிக்கொண்டு நடித்தார். ‘ஜெய் பீம்’ (2021) படத்தில் இருளர் பெண் செங்கேணியாக நடித்த லிஜோமோள் ஜோஸ் இதே இடுக்கி மாவட்டத்தவர். அவருக்கும் கருமை ஒப்பனைதான். இருவர் நடிப்பிலும் குறை காண இடமில்லை. கேள்வி, அவர்களைத் தேர்ந்தெடுத்த முறையைப் பற்றியது.

நடிப்பென்பதே வேறொருவராக மாறுவதுதானே என்பர். அவ்விதி இருபுறமும் செல்லுமாயின் ஏற்கலாம். வெளுத்தவர் கூலிப்பெண்ணாகலாம், கருத்த பெண்ணுக்கு மாளிகை வீட்டு மகள் வேடம் எத்தனை படங்களில் கிடைத்தது? ரஜினிகாந்தையும் விஜயகாந்தையும் கொண்டாடிய அதே ரசனை, அவர்களுக்கு இணையாக நிறுத்த வெளுத்த நாயகியரையே தேடியது. கருமை ஆணுக்கு வீரமாகவும் பெண்ணுக்கு வறுமையின் அடையாளமாகவும் பொருள்படுத்தப்பட்டது.

2015 செப்டம்பரில் வேறொன்று நிகழ்ந்தது. போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து, ‘பொம்பிளை ஒருமை’ என்ற பெயரில் தோட்டப் பெண்கள் மூணாற்றுச் சாலையில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கிவைத்துத் தாமே பேசினர். ஒன்பது நாட்கள் அம்முகங்கள் ஒப்பனையின்றிச் செய்தித் திரையை நிறைத்தன, கோரிக்கையும் வென்றது. அவர்களுக்கு அவர்களாகவே தோன்ற இடமளித்தது செய்திக் கேமராதான், சினிமாக் கேமரா அன்று. அதே மலைச்சரிவுகள் பாடற்காட்சிகளுக்குப் பின்புலமாக இன்றும் படமாகின்றன. அங்குக் கொழுந்து பறிப்போர் சட்டகத்துக்கு வெளியே ஒதுங்கி நிற்கின்றனர்.