மைக்கைப் பார்த்து வாங்குங்கள்

இணையவழியில் பேச ஹெட்செட் வாங்குகிறவர்கள், கடையில் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டுப் பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். பேச்சுக்கு வாங்கும் கருவியைப் பாட்டால் சோதிப்பது தவறு. நம் குரல் எதிர்முனைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கூடலூரை அடுத்த எங்கள் நாடுகாணிப் பக்கம் இது சின்ன விஷயமல்ல. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் குடும்பங்கள் பாண்டியாறு, நெல்லியாளம், சேரம்பாடி அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்கின்றன. அண்ணன் இங்கே, தங்கை இலங்கை மலையகத்தில் என்று பிரிந்துபோன குடும்பங்கள் பல. என் அம்மாவின் அக்காவும் அட்டனில்தான் இருக்கிறார். பெரியம்மாவுக்குக் காது மந்தம். ஆடி மாதத்தில் தகரக் கூரை அதிர மழை பெய்யும்போது, கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு அம்மா கத்துவார். "வெளங்கலடி, திருப்பிச் சொல்லு" என்பதே பதிலாக வரும்.

இதற்குத் தீர்வு வாய்க்கு அருகில் இருக்கும் மைக்தான். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டித்தால், மைக்கில் விழும் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். கூரைச் சத்தமோ குறையாது. அதனால் கன்னத்தோரம் வளைந்து வரும் கம்பி மைக், காதுக்குள் செருகும் விலையுயர்ந்த கருவியைவிடத் தெளிவாகப் பேச்சைக் கொண்டுசேர்க்கும்.

பெட்டியில் 'ஏ.என்.சி.' என்று போட்டிருந்தால், அது அணிந்திருப்பவரின் காதுக்கு மட்டும் இரைச்சலைக் குறைக்கும். எதிர்முனையில் இருப்பவருக்கு மழை அப்படியே கேட்கும். ப்ளூடூத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாட்டை அருமையாகத் தரும் கருவிகள் பல, மைக் இயங்கத் தொடங்கியதும் பேச்சுக்கான வேறு முறைக்கு மாறித் தரத்தில் இறங்கிவிடும். அந்தப் பேச்சு முறைகளில் பழையது, நொடிக்கு 8,000 மாதிரிகளை மட்டுமே எடுக்கும். அந்தக்காலத் தொலைபேசி அளவுதான் அது. 'ச', 'ஸ', 'ஷ' எல்லாம் ஒன்றுபோல ஒலிக்கும். காது மங்கியவருக்கு அந்த இழப்பு பெரிது. கம்பி இணைப்பில் இந்தத் தொல்லை இல்லை. சார்ஜ் தீருமே என்ற கவலையும் இல்லை.

வாங்கும்போது பின்னையும் பாருங்கள். ஒற்றைப் பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் மைக் இணைப்பு உண்டு. இரண்டு மட்டும் என்றால் கேட்க மட்டுமே. மைக்குக்கும் காதுக்கும் தனித்தனிப் பின் இருந்தால் அது கணினிக்கானது. வட்டத் துளை இல்லாத கைபேசிக்குப் பெரும்பாலும் டைப்-சி பின் வைத்தது வேண்டும். பிறகு கடைக்காரரின் எண்ணுக்கு இணைய அழைப்புப் போட்டு, வண்டிகள் போகும் தெருவில் நின்று பேசுங்கள். உள்ளே அவருக்குத் தெளிவாகக் கேட்டால் வாங்குங்கள்.

அம்மாவுக்கு வாயருகே மைக் உள்ள கம்பி ஹெட்செட்டை வாங்கித் தந்தேன். இப்போது மழையிலும் பெரியம்மாவுக்குப் பேச்சு விளங்குகிறது.

கூடலூர்க் கடைக்காரர்கள் ஒரு ஹெட்செட்டையாவது பிரித்து, பேசிப் பார்க்க வைக்க வேண்டும். திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது, பெற்றோருக்கு மினுக்கும் ப்ளூடூத் வேண்டாம், நல்ல மைக் வைத்த கம்பி ஹெட்செட் ஒன்றை வாங்கி வாருங்கள்.