செல்லுக்கும் 'டென்ஷன்' வருமா? மாரடைப்பு வரை கொண்டுபோகும் அழற்சி... செங்காந்தள் மருந்து உதவுமா?

கொலஸ்ட்ரால் கட்டுக்குள் இருக்கிறது, மாத்திரையும் தவறாமல் சாப்பிடுகிறார். ஆனாலும் இரண்டாவது முறையாக மாரடைப்பு. இது எப்படி? இந்தக் கேள்விக்கான பதிலை ஆராய்ச்சியாளர்கள் இப்போது ரத்தக்குழாயின் சுவரில், அங்குள்ள செல்லுக்குள் தேடுகிறார்கள்.

மனுஷனுக்கு டென்ஷன் வருவதுபோல, உடலில் உள்ள செல்லுக்கும் அழுத்தம் வரும். ஆனால் இது மன அழுத்தம் அல்ல.

செல் அழுத்தம்னா என்ன?

ஒவ்வொரு செல்லும் ஒரு குட்டி தொழிற்சாலை. அங்கே புரதங்கள் தயாராகின்றன, கழிவுகள் அகற்றப்படுகின்றன, ஆற்றல் உற்பத்தியாகிறது. இதில் ஏதாவது ஒன்று சிக்கினாலும் செல் திணறும். உதாரணமாக, புரதங்கள் சரியாக மடியாமல் குவிந்துவிட்டால், உற்பத்தியைக் குறைத்து நிலைமையைச் சமாளிக்க செல் முயற்சிக்கும். இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்காகத்தான் ஜப்பானின் கசுடோஷி மோரி, அமெரிக்காவில் பணியாற்றிய பீட்டர் வால்டர் இருவருக்கும் 2014-ல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

சமாளிக்க முடியாமல் போனால்? செல் 'ஆபத்து' என்று குரல் கொடுக்கும். அந்தக் குரல்தான் அழற்சி, அதாவது இன்ஃப்ளமேஷன்.

அலாரம் அடிப்பது யார்?

வெள்ளை அணுக்கள் உள்ளிட்ட சில செல்களுக்குள் 'என்எல்ஆர்பி3' என்ற புரதம் காவலாளி மாதிரி இருக்கிறது. கிருமி வந்தால் மட்டுமல்ல, செல்லுக்குள் சேதம் ஏற்பட்டாலும் இது விழித்துக்கொள்ளும். உடனே வேறு சில புரதங்களுடன் சேர்ந்து 'இன்ஃப்ளமசோம்' என்ற அமைப்பாக மாறும். அது 'ஐஎல்-1 பீட்டா' என்ற ரசாயனத் தூதுவனை வெளியே அனுப்பும். தூது கிடைத்ததும் மற்ற வெள்ளை அணுக்கள் படையெடுத்து வரும்.

'கௌட்' எனப்படும் மூட்டுவலியில் நடப்பது இதுதான். யூரிக் அமிலப் படிகங்கள் இந்தக் காவலாளியை உசுப்பிவிடுகின்றன என்று 2006-ல் தெரியவந்தது. நடுராத்திரியில் கால் பெருவிரல் வீங்கி, போர்வை பட்டாலே உயிர்போகிற மாதிரி வலிப்பது இதனால்தான்.

இதயத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ரத்தக்குழாய் சுவரில் படியும் கொலஸ்ட்ராலும் படிகமாக மாறும். அதை விழுங்கும் வெள்ளை அணுவுக்குள், கழிவு செரிக்கும் பை கிழிகிறது. அலாரம் அடிக்கிறது. இதை 2010-ல் வெளியான ஆய்வு காட்டியது. அழற்சி தொடர்ந்தால் கொழுப்புப் படிவின் மேல்மூடி பலவீனமாகி ஒருநாள் உடையும். அங்கே ரத்தம் உறைந்து அடைத்தால் மாரடைப்பு.

அப்படின்னா, அலாரத்தை அணைத்தால் மாரடைப்பு குறையுமா? 2017-ல் வெளியான 'கேன்டோஸ்' ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஏற்கனவே மாரடைப்பு வந்த 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஒரு பகுதியினருக்கு ஐஎல்-1 பீட்டாவைத் தடுக்கும் ஊசி போடப்பட்டது. 150 மி.கி. அளவில் எடுத்துக்கொண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் 15 சதவீதம் குறைந்தன. கெட்ட கொலஸ்ட்ரால் அளவு குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் அதிகரித்தன. அலாரத்தை ஒரேயடியாக நிறுத்தினால் திருடன் வரும்போதும் சத்தம் கேட்காது இல்லையா?

செங்காந்தள் எங்கே வருகிறது?

ஆய்வாளர்கள் கையில் எடுத்த இன்னொரு மருந்து 'கோல்சிசின்' என்ற பழைய கௌட் மாத்திரை. இது நம்ம மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் தமிழக விவசாயிகள் இதைப் பயிரிடுவது அதன் விதைக்காகத்தான்.

2020-ல் வெளியான ஆய்வில், நாள்பட்ட இதய நோயாளிகள் 5,522 பேர் கலந்துகொண்டனர். தினமும் 0.5 மி.கி. கோல்சிசின் எடுத்தவர்களுக்கு இதய பாதிப்புகள் 31 சதவீதம் குறைந்தன. 2023 ஜூனில் அமெரிக்காவின் எஃப்டிஏ இந்த அளவு மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது.

ஆனால் 2024-ல் ஒரு திருப்பம். மாரடைப்பு வந்த 7 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஒரு பகுதியினருக்கு உடனே இந்த மருந்தைத் தொடங்கி நடத்திய ஆய்வில், குறிப்பிடத்தக்க பலன் இல்லை. யாருக்கு, எப்போது கொடுப்பது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

மக்கள் கவனிக்க வேண்டியது என்ன?

* 'செங்காந்தள் இதயத்துக்கு நல்லது' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீர்கள். இதன் கிழங்கு கடும் விஷம். சாப்பிடும் கிழங்கு என்று தவறாக நினைத்துச் சமைத்து உயிரிழந்தவர்கள் உண்டு.
* கோல்சிசினை மருத்துவர் சொல்லாமல் எடுக்கவே கூடாது. சிறுநீரக, கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும், சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளுடன் சேர்த்து எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம்.
* கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு இது மாற்று அல்ல. ஆய்வுகளில் பெரும்பாலானோர் வழக்கமான மாத்திரைகளையும் சேர்த்தே எடுத்தார்கள்.
* புகைப்பதை நிறுத்துவது, உடல் எடையையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது ஆகியவை செல்லின் சுமையையே குறைக்கும்.

அலாரத்தை அணைக்க மருந்து வரலாம். ஆனால் அது ஏன் அடிக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.