மும்முறை மணந்தும் வாழாதவள்

உரோமாபுரியின் உயர்குடிப் பெண்ணுக்குப் பொன்னுக்கும் பணியாளருக்கும் குறைவில்லை; கணவனைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமைதான் அரிதாயிருந்தது. முதற் பேரரசன் ஒகஸ்தஸின் ஒரே மகள் யூலியாவின் வரலாற்றை நோக்குவோம்.

கி.மு. 39இல் அவள் பிறந்த அன்றே, தாய் ஸ்கிரிபோனியாவைத் தந்தை மணவிலக்குச் செய்தான். மகளுக்குப் பதினான்கு வயதானபோது, தன் சகோதரியின் மகன் மார்செல்லசுக்கு மணமுடித்தான். அவன் இரண்டாண்டில் இறந்தான். அடுத்து, தன் வயதையொத்த தளபதி அக்கிரிப்பாவுக்குக் கொடுத்தான். அவனால் ஐந்து மக்களுக்குத் தாயான யூலியா, கி.மு. 12இல் மீண்டும் கைம்மை எய்தினாள். மூன்றாம் கணவன் தைபீரியஸ். உளமார நேசித்த மனைவி விப்சானியாவை மன்னன் கட்டளையால் விலக்கிவிட்டே அவன் இம்மணத்துக்கு உடன்பட்டான். அரியணைக்கு வாரிசு தேடிய அரசியலில் மூவர் வாழ்வு பாழாயிற்று.

கி.மு. 2இல், ஒழுக்கம் தவறினாளென்று தந்தையே அவளைப் பந்ததேரியா என்னும் சிறு தீவுக்கு நாடு கடத்தினான். அவளுடன் தானே விரும்பிச் சென்றவள் யார்? அன்று விலக்கப்பட்ட தாய் ஸ்கிரிபோனியா! பேரரசன் கைவிட்ட மகளைப் பெற்றவள் கைவிடவில்லை.

மணம் பேசும் பெற்றோர், குலமும் செல்வமும் ஆராயுமுன் மகளின் உள்ளத்தையும் ஒருமுறை கேட்டறிதல் வேண்டும் என்பதே நம் கருத்து.