கப்பல் கூலி இலவசமா?

சீனாவிலிருந்து முதன்முறையாகச் சாமான் எடுக்கும் நம் இளம் வியாபாரிகள் சிலர், "கப்பல் கூலியே இல்லை என்கிறார்கள், நல்லதுதானே?" என்று கேட்கின்றனர். நல்லதல்ல என்பதே என் கருத்து.

பலருடைய சாமான்களை ஒரே கொள்கலனில் ஏற்றும் எல்.சி.எல். முறையில், கன மீற்றர், தொன் இரண்டில் எது கூடுதலோ அதற்கே கூலி. சி.ஐ.எஃப். விலையில் கப்பல் முகவரைத் தெரிவு செய்பவர் விற்பவரே. அங்கே விட்டுக்கொடுத்த கூலியை, கொழும்பில் டெலிவரி ஓடர் கொடுக்கும்போது நம்மிடம் அறவிடுபவர்கள் உண்டு. நானும் ஒருமுறை கட்டியவன்தான். அந்தச் சாமானில் இலாபமே மிஞ்சவில்லை.

எஃப்.ஓ.பி. விலைக்கு வாங்கி, முகவரை நாமே தெரிவு செய்வோம். கொழும்புச் செலவுகள் அனைத்தையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்போம். கடனையே எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கூலியை வாய்ப்பேச்சில் விடலாமா?