பேத்தி வரைந்த படமும் நான் குறைத்த இரண்டு மதிப்பெண்ணும்

பத்து நாளாக இந்தப் பக்கம் வரவில்லை என்று சிலர் போன் செய்து விசாரித்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. வீட்டில் மீன் முட்டை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரையாண்டு விடுமுறைக்குப் பேத்தி வந்திருந்தாள். நான்காம் வகுப்பு படிக்கிறாள். அலமாரியில் சும்மா கிடந்த மைக்ரோஸ்கோப்பைத் துடைத்து வைத்தேன். கொளத்தூர் போய் வரிக்குதிரை மீன் ஆறு வாங்கி வந்தோம். உடம்பில் நீலக்கோடு போட்ட சின்ன மீன். கருவளர்ச்சியைப் படிக்க உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் வளர்ப்பது இந்த மீனைத்தான். ஆனால் பூர்வீகம் நம் நாடு. 1822இல் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய நூலில் இதை முதலில் விவரித்தார்.

தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பினோம். இல்லாவிட்டால் போட்ட முட்டையைத் தாயே தின்றுவிடும். இந்த மீன் விடியற்காலை வெளிச்சம் பட்டதும் முட்டையிடும். இங்க் ஃபில்லரால் உறிஞ்சி எடுத்தபோது 31 முட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அளவு, கண்ணாடி மாதிரித் தெளிவு.

கருவுற்று முக்கால் மணி நேரத்தில் முதல் செல் இரண்டாகும். பிறகு ஏறக்குறைய கால் மணிக்கு ஒருமுறை நான்கு, எட்டு, பதினாறு. பேத்தி பார்த்துப் பார்த்து நோட்டில் வரைந்தாள். ஒரு பெரிய உருண்டை, அதன் தலையில் ஒரு சின்ன மேடு. மேடு மட்டும் பிரிந்திருந்தது, உருண்டை அப்படியே இருந்தது.

"தப்பும்மா, முட்டை முழுசும் ரெண்டாப் பிரியணும்" என்றேன்.

"தாத்தா, நீங்களே வந்து பாருங்க" என்றாள்.

பார்த்தேன். அவள் வரைந்ததுதான் சரி. மீன் முட்டையில் மஞ்சள்கரு பிரியாது, மேலே உள்ள தட்டு மட்டுமே பிரியும். கல்லூரியில் நானே படித்ததுதான். ஆனால் முப்பத்து நான்கு வருடம் கரும்பலகையில் தவளை முட்டையை வரைந்த பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

மறுநாள் காலை இதயம் துடித்தது. முட்டைக்குள் வால் வெட்டி வெட்டி அசைந்தது. சற்று நேரம் கழித்து ரத்த அணுக்கள் வரிசையாக ஓடின. என் வாழ்நாளில் இதை நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. விலங்கியல் ஆசிரியர் இப்படிச் சொல்ல வெட்கப்பட வேண்டும், சொல்கிறேன். ஒன்பது முட்டைகள் வெள்ளையாகிக் கெட்டுப்போயின. அவற்றையும் எண்ணி நோட்டில் எழுதிவைத்தாள். மூன்றாம் நாள் குஞ்சுகள் வெளியே வந்தன.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1990களில் பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி வெங்காயத் தோலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரெக்கார்டு நோட்டில் படம் போட்டாள். செல்கள் கோணல்மாணலாக இருந்தன. நடுவில் கறுப்பு விளிம்போடு ஒரு வட்டம். அது காற்றுக்குமிழி. "இதென்ன கிறுக்கல், புத்தகத்தைப் பார்த்துப் போடு" என்று இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்தேன். அடுத்த வாரம் புத்தகப் படத்தை அச்சு அசலாக வரைந்து வந்தாள். 'நன்று' எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வகுப்பில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததை வரைந்தவள் அவள் ஒருத்திதான். அதற்குத் தண்டனை கொடுத்தவன் நான்.

"இதெல்லாம் நீட்டுக்கு உதவுமா மாமா?" என்று என் தங்கை மகன் கேட்டான். நேராக உதவாது. ஆனால் கண்ணால் கண்டதைவிட அச்சில் இருப்பதை நம்பு என்று பழக்கிவிட்டால், நாளை டாக்டராகி நோயாளியைப் பார்க்கும்போதும் அந்தப் பழக்கம் கூடவே வரும்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறுபது பிள்ளைக்கு ஒரு மைக்ரோஸ்கோப், அதுவும் பூட்டிய பீரோவில். உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். ஆனாலும் ரெக்கார்டு நோட்டில் பிள்ளை பார்த்தது கோணலாக இருந்தால் அடிக்காதீர்கள். "இது என்ன?" என்று கேளுங்கள். புத்தகப் படத்தோடு ஒப்பிடுவது அதற்குப் பிறகு. சீனியர் நோட்டைப் பார்த்து எழுதிய அழகான படத்துக்கு முழு மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள்.

அந்த மாணவி இதைப் படிக்கிறாளோ என்னவோ. படித்தால் அம்மா, அந்த இரண்டு மதிப்பெண் உனக்கு உரியது. மன்னித்துக்கொள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.