கடல் கடந்தோரும் கைத்தொலைபேசிக் குறியீடும்

நம் கல்லூரி ஈன்ற மக்கள் இன்று நாற்றிசையும் பரந்து வாழ்கின்றனர். இம்மலரின் ஏடுகளைப் புரட்டுவோருள் சிலர் சீனன்குடாவிலிருந்து படிப்பர். வேறு சிலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் டோஹாவிலும் இருந்து படிப்பர். விழாக் காண ஊர் திரும்புவோர் உளர். பிள்ளைகளைக் காணக் கடல் கடப்போர் உளர். சிதம்பரத்திற்கும் திருச்செந்தூருக்கும் யாத்திரை போவோரும், மருத்துவத்தின் பொருட்டுச் சென்னை செல்வோரும் உளர். இப்போக்குவரவின் இடையே அண்மைக் காலத்தில் தோன்றியுள்ள ஓர் இடர்ப்பாடு குறித்துச் சில கூற விழைகின்றோம். தமிழாசிரியர்க்குத் தொலைபேசியைப் பற்றி என்ன பேச்சு எனச் சிலர் வினவலாம். காக்கவேண்டிய சொல்லொன்றைக் காவாது விடுதலால் வரும் கேடே நாம் எடுத்துக்கொண்ட பொருள். சொல்லைக் காத்தல் தமிழாசிரியர்க்கு அயலான பொருளன்று.

வங்கியில் உள்ள நம் பணத்தை இணையவழி எடுத்தாள முனையும்போது, கடவுச்சொல்லோடு நில்லாமல் நம் கைத்தொலைபேசிக்கு ஆறிலக்கக் குறியீடொன்று குறுஞ்செய்தியாக வருகின்றது. ஓ.ரி.பி. என இதனை யாவரும் வழங்குவர். ஒருமுறை மட்டும் செல்லும். சில நிமிடங்களே உயிர் வாழும். இதன் அடிப்படைக் கருத்து நமக்குப் புதியதன்று. கம்பர் காவியத்தில் அனுமனைத் தூது விடுக்கும் இராமன், கணையாழியைக் கொடுத்ததோடு அமையாது, தானும் சீதையும் மட்டுமே அறிந்த நிகழ்ச்சிகளையும் சொல்லி அனுப்புகின்றான். கையில் உள்ள பொருளொன்று, நெஞ்சில் உள்ள செய்தியொன்று. இரண்டும் ஒத்தாலன்றி வந்தவனை நம்பலாகாது. இக்கால வங்கி கேட்பதும் அதுவே. கடவுச்சொல் நெஞ்சில் உள்ளது. தொலைபேசி கையில் உள்ளது.

ஆயின் கணையாழி கையில் இராதபோது என் செய்வது? பயணிகளின் இடர் இங்கேதான் தொடங்குகின்றது. முன்னர் வெளிநாடு செல்வோர் அவ்வந்நாட்டுச் சிம் அட்டையைக் கடைகளில் வாங்கித் தம் அட்டையைக் கழற்றி வைப்பர். இன்று அட்டையே வேண்டாத இ-சிம் வந்துவிட்டது. பயணத்திற்கென விற்கப்படும் இ-சிம்மை வீட்டிலிருந்தபடியே பணம் செலுத்திப் பெற்று, ஒரு சதுரப் படத்தைத் தொலைபேசிக்குக் காட்டிய அளவிலே பதிந்துகொள்ளலாம். விமானம் இறங்கியதும் இணையம் கிடைக்கின்றது. விலையும் மலிவு. இது நல்லதொரு வசதியே. இதனை நாம் குறைகூறவில்லை.

எனினும் இவ்வகை இ-சிம்களுட் பெரும்பாலானவை தரவு மட்டுமே தருவன. தொலைபேசி இலக்கம் ஒன்றும் அவற்றிற்கு இல்லை. இலக்கம் உள்ளவற்றிலும் அது வேற்று நாட்டு இலக்கமாகவே இருக்கும். வங்கியோ நாம் பதிந்து கொடுத்த பழைய இலக்கத்திற்கே குறியீட்டை அனுப்பும். குறுஞ்செய்தி இணையவழி ஓடுவதன்று. 1992 டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில் முதற் குறுஞ்செய்தி அனுப்பப்பட்ட காலந்தொட்டு அது தொலைபேசி வலையமைப்புக்குரிய தனிப்பாதையில் செல்வது. வங்கி விடுத்த செய்தி முதலில் நம் நாட்டுத் தொலைபேசி நிறுவனத்தை அடையும். அவ்விலக்கத்திற்குரிய சிம் இறுதியாக எந்நாட்டில் எவ்வலையமைப்பில் தன் வரவை அறிவித்தது என்னும் பதிவு அந்நிறுவனத்திடம் உண்டு. பதிவு காட்டும் இடத்திற்கே செய்தி அனுப்பப்படும். சிம் கழற்றப்பட்டோ அணைக்கப்பட்டோ இருப்பின், செய்தி சிறிது காலம் காத்திருந்து பின் கழியும். பிந்தி வந்து சேரினும் குறியீட்டின் ஆயுள் முடிந்திருக்கும்.

இதனிடையே பயணியை மயக்குவது வாட்ஸ்அப். ஒருமுறை உறுதி செய்யப்பட்ட வாட்ஸ்அப் கணக்கு, இணையம் எவ்வழி வரினும் பழைய இலக்கத்தின் பெயரிலேயே இயங்கும். ஊரிலிருந்து அழைப்பு வருகின்றது, படம் வருகின்றது, ஆகவே தம் இலக்கம் செவ்வனே இயங்குவதாக அவர் எண்ணுகின்றார். மருத்துவமனையில் பணம் செலுத்தும் வேளையிலோ, திரும்பும் பயணச்சீட்டை மாற்றும் வேளையிலோதான் உண்மை புலப்படும். வங்கியை அழைத்துப் புதிய இலக்கத்தைப் பதியுமாறு வேண்டினால், அதனை உறுதி செய்யப் பழைய இலக்கத்திற்கே குறியீடு அனுப்புவோம் என்பர். பெட்டியின் திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதையாகும் இது.

இவ்விடரைத் தவிர்க்கும் வழி அரிதன்று. இக்காலத் தொலைபேசிகளுட் பல இரு சிம்களை ஒருங்கே விழித்திருக்கச் செய்ய வல்லன. ஊர்ச் சிம்மை அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் விட்டுவைத்து, பயண இ-சிம்மைத் தரவுக்கு மட்டும் அமைத்தல் வேண்டும். ஊர்ச் சிம்மில் ரோமிங் வசதியைப் புறப்படுமுன்னரே நிறுவனத்திடம் கேட்டுத் திறந்துகொள்க. ஆனால் அச்சிம்மின் தரவு ரோமிங்கை அணைத்துவிடுக. இன்றேல் பெருந்தொகை கழியும். குறுஞ்செய்தியைப் பெறுதற்குப் பல நிறுவனங்கள் கட்டணம் வாங்குவதில்லை. வரும் அழைப்பை எடுத்தற்கோ கட்டணம் உண்டு. நும் நிறுவனத்தின் முறை யாதென முன்னரே கேட்டறிக. ஊர் இலக்கமும் இ-சிம்மாகவே இருப்பின், அமைப்பை மாற்றும்போது அதனை அணைக்கலாமேயன்றி அழித்தலாகாது. அழித்ததை அயல்நாட்டிலிருந்து மீளப் பெறுதல் பெரும்பாடு. நெடுநாள் செல்வோர் முற்கொடுப்பனவு இலக்கத்திற்கு இடையிடையே ரீலோட் செய்தல் வேண்டும். பயன்படாத இலக்கம் குறித்த காலத்தின்பின் முடக்கப்படுவதோடு பிறரொருவர்க்கு வழங்கப்படவும் கூடும். வங்கியின் செயலிவழி ஒப்புதல் தரும் வசதி இருப்பின் அதனைப் புறப்படுமுன் பதிந்து, ஒருமுறை சோதித்துப் பார்த்தல் எல்லாவற்றினும் நன்று.

இவ்வளவும் எளிய செய்தி. நம் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. மாவு ஆலையும் எண்ணெய்க் குதங்களும் புகையிரத நிலையமும் சூழ்ந்த இச்சிற்றூரிலும், திருக்கோணமலை நகரிலும், மக்களுள் ஒருவரேனும் வெளிநாட்டில் இல்லாத வீடு அரிது. அவ்வீடுகள் பலவற்றில் ஒரு வழக்கம் வேரூன்றியுள்ளது. புறப்படும் மகன் தன் ஊர்ச் சிம்மைத் தாயிடம் விட்டுச் செல்கின்றான். பழைய தொலைபேசியொன்றில் அது கிடக்கும். வேண்டும்போது அவன் அழைத்து, “அம்மா, இப்ப ஒரு மெசேஜ் வந்திருக்கும், அந்த நம்பரைச் சொல்லுங்கோ” என்பான். தாயும் கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுவாள். மாதந்தோறும் இது நிகழ்கின்றது. ஆண்டுக் கணக்காக நிகழ்கின்றது.

இவ்வழக்கத்தை நாம் முற்றாகக் கண்டிக்கின்றோம். காரணம் கூறுவோம். தொலைபேசியில் ஒருவர் கேட்டவுடன் குறியீட்டைச் சொல்லுதல் இயல்பான செயல் என்று அத்தாயின் உள்ளத்திற் பதித்துவிட்டவன் அவள் மகனே. வங்கி ஆயிரமுறை எச்சரித்தாலும் என்? அவள் பயின்றது சொல்லுதலையே. ஒருநாள் மகன் அல்லாத ஒருவன், வங்கியிலிருந்து பேசுவதாகவும் மகனின் கணக்கில் ஏதோ சிக்கல் என்றும் கூறி அழைக்கின்றான். மகனுக்கு உதவுவதாக எண்ணி அவள் சொல்லிவிடுகின்றாள். இவ்வூரில் நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் இவ்வாறே நிகழ்ந்தது. பாலைவன நாட்டில் வெயிலில் நின்று ஈட்டிய பணம் சில நிமிடங்களிற் கரைந்தது. குறியீட்டைப் பிறர்க்குச் சொன்னது வாடிக்கையாளரின் தவறு என்பதே வங்கியின் விடையாயிற்று. பணத்தினும் பெரிய இழப்பொன்று அங்கு உண்டு. அந்த அன்னை அதன்பின் மகனோடு முகங்கொடுத்துப் பேசக் கூசுகின்றார். தம்மால் விளைந்தது எனத் தம்மையே நொந்துகொள்கின்றார். பயிற்றியவர் குற்றத்தைப் பயின்றவர் தலையில் ஏற்றுதல் அறமாகுமோ?

மைந்தர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆண்டுக்கணக்கில் வெளிநாட்டில் உழைப்போர்க்கு ஊர்ச் சிம்மை அங்கே விழித்திருக்கச் செய்தல் எப்பொழுதும் எளிதன்று. சில இடங்களில் வலையமைப்புக்களிடையே ஒப்பந்தம் இராது; செய்தி வருவதாக இருந்தும் பிந்திவிடும். வேறு வழியின்றியே தாயின் உதவியை நாடினர். ஆதலின் பழியின் ஒரு பங்கை வங்கிகளும் அலுவலகங்களும் ஏற்றல் வேண்டும். காளிதாசரின் நாடகத்தில் சகுந்தலை வழியில் நீர்த்துறையிற் கணையாழியை நழுவவிட்டாள். அரசவையில் அவள் கூறிய உண்மை எடுபடவில்லை. கணையாழி ஒன்றையே சான்றாகக் கொண்ட அவையின் குறையும் அங்கு உளதன்றோ? ஒரே ஓர் இலக்கத்தின்மேல் ஒருவரது அடையாளம் முழுவதையும் ஏற்றிவைத்தல் அத்தகைய குறையே.

குறுஞ்செய்தி அத்துணை உறுதியான காவலுமன்று. 2017ஆம் ஆண்டு ஜெர்மனியில் தொலைபேசி வலையமைப்பின் குறைபாட்டைப் பயன்படுத்தி, வங்கிக் குறியீடுகளை இடையிற் பறித்துப் பணம் திருடப்பட்டமை வெளிவந்தது. அவ்வாண்டே அமெரிக்க அரசின் தர நிறுவனம் குறுஞ்செய்திவழி உறுதிப்பாட்டைக் கட்டுப்பாட்டுக்குரிய முறையென வகுத்தது. மலேசியாவின் மத்திய வங்கி 2022இல் குறுஞ்செய்திக் குறியீட்டை விட்டு விலகுமாறு வங்கிகளைப் பணித்தது. சிங்கப்பூரில், செயலியில் இலத்திரனியல் அடையாளம் பெற்றோர் கணக்கினுள் நுழைய இனி இக்குறியீட்டைப் பயன்படுத்தார் என 2024 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. இந்திய றிசேவ் வங்கி 2025 செப்டெம்பரில் வெளியிட்ட நெறிகள், இருபடி உறுதிப்பாட்டைக் கைவிடாமலே குறுஞ்செய்தி அல்லாத வழிகளுக்கும் இடமளித்து, 2026 ஏப்ரல் 1ஆம் நாளை நடைமுறை நாளாகக் குறித்தன. உலகம் செல்லும் திசை தெளிவு.

எளிய தொலைபேசி வைத்திருப்போர்க்குக் குறுஞ்செய்தியே கதி, அதனை ஒழித்தல் ஏழைகளை ஒதுக்குவதாகும் என்று சிலர் கூறுவர். அது மெய்யே. குறுஞ்செய்தியை ஒழிக்குமாறு நாம் கேட்கவில்லை. அதனோடு வேறொரு வாயிலும் திறந்திருக்க வேண்டும் என்கின்றோம். வலையமைப்பே வேண்டாது தொலைபேசியினுள்ளேயே குறியீட்டை ஆக்கும் முறை 2011ஆம் ஆண்டிலேயே பொதுத் தரமாக வகுக்கப்பட்டுவிட்டது. வேண்டுவோர்க்கு அதனை அளிப்பதில் தடை யாது? மேலும், குறியீட்டைப் பிறர்க்குச் சொல்லற்க என்னும் எச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றது. ஆங்கில எழுத்தாயின் ஒரு செய்தியில் 160 குறிகள் அடங்கும். தமிழாயின் 70 மட்டுமே. செலவு கூடும் என்பர். எழுபது குறிகளுள் அடங்குமாறு “எவர் கேட்டாலும் சொல்லாதீர்” என எழுத முடியாதா? படிக்க இயலாத எச்சரிக்கை எச்சரிக்கையாகாது.

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். விழாவின்பொருட்டு ஊர் வந்திருக்கும் நீவிர், திரும்புமுன் தாயின் அலுமாரியில் கிடக்கும் அப்பழைய தொலைபேசியை எடுத்துப் பாருங்கள். வங்கிக்கு நேரிற் சென்று செயலிவழி ஒப்புதலுக்கோ வேறு வழிக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். நேரில் நிற்கும்போது ஒரு முற்பகலில் முடியும் காரியம், கடல் கடந்தபின் முடியாது போகும். உங்கள் கனேடிய வங்கியோ ஆங்கிலேய வங்கியோ அனுப்பும் குறியீடு இங்கு உங்கள் கையை அடைகின்றதா என்பதையும் நோக்குக. வங்கிகளிலும் தொலைபேசி நிறுவனங்களிலும் பதவி வகிக்கும் பழைய மாணவர்கள், மேற்கூறிய குறைகளை அவ்விடங்களில் எடுத்துரைப்பாராக. உயர்வகுப்பு மாணாக்கர்க்கும் ஒரு பணி உண்டு. வீட்டில் முதியோர்க்குத் தொலைபேசி பழக்குவோர் நீங்களே. எவ்வாறு அழுத்துவது என்பதை மட்டும் கற்பியாமல், எதனைச் சொல்லலாகாது என்பதையும் கற்பியுங்கள்.

பிள்ளை கேட்டாலும் சொல்லற்க என்று தாய்க்கு அப்பிள்ளையே கற்பிப்பானாயின், பிறன் கேட்டபோது அவள் வாய் திறவாள். ஈட்டிய பொருளும் காக்கப்படும். ஈன்றவள் மன அமைதியும் காக்கப்படும். நம் கல்லூரி மக்கள் சென்ற இடமெல்லாம் சிறந்து, காக்க வேண்டியதைக் காத்து வாழ்வார்களாக.