அது 1789 அல்ல, 1832!

'லே மிஸராப்ல்' இசை நாடகத்தைப் பார்த்தவர்கள் பலர், "பிரெஞ்சுப் புரட்சியை அப்படியே காட்டுகிறார்கள்" என்கிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு, இதைக் கேட்டால் பொறுக்காது.

பஸ்தீய் சிறை விழுந்தது 1789-இல். விக்தோர் உய்கோ 1862-இல் வெளியிட்ட நாவலில் வருவதோ, 1832 ஜூன் 5, 6 தேதிகளில் பாரிசில் நடந்த கிளர்ச்சி. காலராவில் இறந்த ஜெனரல் லமார்க்கின் இறுதி ஊர்வலத்தில் மூண்டது. மன்னர் லூயி பிலிப்பின் படைகள் இரண்டே நாளில் நசுக்கிவிட்டன.

"வருஷத்தில் என்ன ஐயா இருக்கிறது? ஏதோ ஒரு புரட்சி!" என்பார்கள். எல்லாமே அதில்தான் இருக்கிறது. 1789 ஜெயித்தவர்கள் கதை. இது தோற்றவர்கள் கதை.

பிராட்வேயில் இந்த நாடகம் 2014-இல் மறுபடி மேடையேறியபோது, நியூயார்க் இம்பீரியல் தியேட்டரில் மகனோடு பார்த்தேன். பின்னணியில் உய்கோவே வரைந்த ஓவியங்களைத் தழுவிய காட்சிகள். செத்துப்போன தோழர்களை நினைத்து மாரியூஸ் பாடியபோது அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. இன்றும் அந்தப் பாட்டு காதில் நிற்கிறது. ஜெயித்த புரட்சியில் அந்தப் பாட்டுக்கு ஏது இடம்?

நாம் 'ஏழை படும் பாடு' என்று அறிந்த கதை இதுதான். புரட்சி வந்து நாற்பது வருஷம் தாண்டியும் அந்தப் பாடு தீரவில்லை என்றுதானே உய்கோ எழுதினார்? வருஷத்தை மாற்றினால் அவர் சொன்னதே போய்விடுகிறது.